பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு: கிளம்பும் முன் படிக்கவும்

வணக்கம். நகரத்தில் எந்தப் பறவை தாக்குப்பிடிக்கிறது, கிராமத்தில் எது குறைகிறது என்று ஆய்வாளர்கள் ஒப்பிடப்போவது இ-பேர்ட் (பார்த்த பறவைகளைப் பதியும் இணையதளம், செயலி) வழியாக நாம் பதியும் பட்டியல்களை வைத்துத்தான். அதனால் ஒவ்வொரு பட்டியலும் குறைந்தது 15 நிமிடம் இருக்கட்டும். நகரையும் வயலையும் ஒரே பட்டியலில் கலக்காதீர்கள். இடம் மாறினால் புதுப் பட்டியல். வரைபடத்தில் இடக்குறி நீங்கள் நின்ற ஏரிக்கரையில் விழ வேண்டும், ஊர்ப் பெயரின் மேல் அல்ல.

காகம், மைனா, மாடப்புறா எல்லாவற்றையும் எழுதுங்கள். அடையாளம் தெரிந்த அத்தனையும் பதிந்திருந்தால் மட்டும் "முழுப் பட்டியல்" என்று குறியுங்கள். அப்போதுதான் பட்டியலில் சிட்டுக்குருவி இல்லாததும் ஒரு தகவலாகும். எண்ணிக்கைக்குப் பதில் எக்ஸ் போட்டால் 2 புறாவும் 200 புறாவும் ஒன்றாகிவிடும். கூட்டம் பெரிதென்றால் பத்துப் பத்தாக மதிப்பிடுங்கள்.

வழக்கமாகக் குழப்புவது காகம்தான். கழுத்து சாம்பல் என்றால் வீட்டுக் காகம், முழுக் கறுப்பு என்றால் அண்டங்காக்கை. மெர்லின் செயலி பறவையின் குரலை வைத்துச் சொல்லும் பெயரை அப்படியே பட்டியலில் சேர்க்க வேண்டாம், நீங்களும் கண்ணாலோ காதாலோ உறுதிசெய்யுங்கள்.

சேர்ந்து போனால் ஒருவர் மட்டும் பதிந்து மற்றவர்களுக்குப் பகிரவும். போன வழியிலேயே திரும்பினால் தூரத்தை ஒருமுறைதான் கணக்கிட வேண்டும்.