அந்தப் பத்து மதிப்பெண்: மேல்நிலை ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள ஆசிரிய நண்பர்களுக்கு,

வணக்கம். வணிகவியல் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். பள்ளியில் நாமே போடும் அகமதிப்பீட்டு (இன்டர்னல்) மதிப்பெண் பத்தைப் பற்றித்தான் இந்த மடல். பிளஸ் டூ விடைத்தாள் திருத்தும் முகாமுக்குப் போன எல்லோருக்கும் தெரியும், அங்கே நம் கைக்கு வரும் தாளில் பெயர் இருக்காது. முகப்புத்தாளை எடுத்துவிட்டு டம்மி எண் போட்டுத்தான் தருவார்கள். எந்த ஊர், யார் வீட்டுப் பிள்ளை, ஒன்றும் தெரியாது. விடைக்குறிப்பைப் பார்த்துத் திருத்துகிறோம். கூட்டலைச் சரிபார்க்க இன்னொருவர் இருக்கிறார். அப்படியும் மனம் ஒப்பாத மாணவர் விடைத்தாள் நகல் வாங்கி மறுமதிப்பீடு கேட்கலாம்.

இத்தனை காவலும் எழுத்துத் தேர்வுக்குத்தான். மொத்த மதிப்பெண் 1200 என்பது 600 ஆனபோது, 2017-18இல் பிளஸ் ஒன்னிலும் அடுத்த ஆண்டு பிளஸ் டூவிலும் பாடத்துக்கு 10 மதிப்பெண் அகமதிப்பீடு வந்தது. வருகைப்பதிவு, பள்ளித் தேர்வு, செயல்திட்டம் எல்லாம் பார்த்துப் போட வேண்டியது. மூன்று மணி நேரத்தில் எழுதிக் காட்ட முடியாததைக் காட்டப் பிள்ளைக்கு அது ஒரு வழி. ஆனால் இந்தப் பத்தை மட்டும் முகம் தெரிந்தே போடுகிறோம். எல்லோருக்கும் பத்துக்குப் பத்து போட்டு அனுப்புவதையும் பார்த்திருக்கிறேன், "இன்டர்னல்ல கை வச்சிடுவேன்" என்று மிரட்டுவதையும் கேட்டிருக்கிறேன். 2025-26 முதல் பிளஸ் ஒன் பொதுத்தேர்வும் இல்லை. அந்த வகுப்பின் மதிப்பெண் முழுவதும் இப்போது பள்ளியின் கையில்.

நான் செய்த தவறு ஒன்றைச் சொல்கிறேன். செயல்திட்டம் கேட்டிருந்தேன். ஒரு மாணவன் வங்கிச் சேவைகளைப் பற்றிப் பிரவுசிங் சென்டரில் கலர் பிரிண்ட் எடுத்து, ஸ்பைரல் பைண்டிங் போட்டுக் கொண்டுவந்தான். ஒரு மாணவி கோடு போட்ட தாளில் கையால் எழுதி, நூலால் தைத்திருந்தாள். அவள் அம்மா வீட்டு வாசலில் நடத்தும் இட்லிக் கடையின் ஒரு வாரக் கணக்கு அது. அரிசி, உளுந்து, சிலிண்டர், கடன் சொல்லிப் போனவர்களின் பாக்கி வரை இருந்தது. 'வாசல் எங்களுடையது, வாடகை கிடையாது. அதற்கும் செலவு எழுதலாமா?' என்று ஓரத்தில் பென்சிலால் கேட்டிருந்தாள்.

தாளில் எண்ணெய்க் கறை என்று அவளுக்கு ஒன்று குறைத்தேன். அவனுக்கு முழு மதிப்பெண். அவள் ஏன் என்று கேட்கவில்லை. கேட்பதற்கு நான் வழி வைத்திருக்கவும் இல்லை.

அதனால்தான் கேட்கிறேன். செயல்திட்டம் கொடுக்கும் நாளிலேயே எதற்கு எவ்வளவு என்று கரும்பலகையில் எழுதிவிடுங்கள். அட்டைக்கும் அலங்காரத்துக்கும் மதிப்பெண் வேண்டாம். பட்டியலை அனுப்பும் முன் அவரவர் மதிப்பெண்ணை அவரவரிடம் காட்டுங்கள், குறைத்த இடத்தில் காரணத்தை ஒரு வரி எழுதுங்கள். அறுபது பிள்ளைகள் உள்ள வகுப்பில் நேரம் ஏது என்பீர்கள். எனக்கும் அந்த வகுப்புகள்தான். இரண்டு பாடவேளை ஒதுக்கினால் முடிந்துவிடும்.

அந்த ஓரக் கேள்விக்கு நான் பக்கத்திலேயே பதில் எழுதியிருக்க வேண்டும்: கணக்கேட்டில் அது வராதும்மா, ஆனால் கடையின் உண்மையான லாபம் எவ்வளவு என்று பார்க்க எழுதலாம். வாசலை வேறு யாருக்காவது வாடகைக்கு விட்டால் என்ன கிடைக்குமோ, அதையும் செலவாகக் கழித்துப் பார்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற வணிகவியல் ஆசிரியை