ரத்தம் திரும்பும் நிமிடங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கொடையாகப் பெற்ற கல்லீரல் சாலைப் போக்குவரத்தை நிறுத்தி விரைந்து கொண்டுசெல்லப்படும் செய்திகளைத் தங்கள் நாளிதழ் அக்கறையோடு வெளியிட்டு வருகிறது. ஆனால் அச்செய்திகள் பெரும்பாலும் அறுவை அரங்கின் வாசலோடு முடிந்துவிடுகின்றன. மாற்று அறுவை சிகிச்சைக் குழுவில் மயக்கவியல் மருத்துவராக இருக்கும் எனக்கு, உறுப்பு வந்து சேரும் நேரத்தைவிட, அதற்குள் மீண்டும் ரத்தம் பாயும் முதல் ஐந்து நிமிடங்களே அதிகக் கலக்கம் தருபவை.

உடலிலிருந்து எடுத்த கல்லீரலைச் சுமார் 4 டிகிரி செல்சியஸ் குளிரில், அதற்கென உள்ள கரைசலில் வைக்கிறார்கள். குளிர் உயிரணுக்களின் இயக்கத்தை மந்தப்படுத்துமே தவிர, அடியோடு நிறுத்திவிடாது. ஆக்சிஜன் கிடைக்காமல் ஆற்றல் இருப்பு கரைந்துகொண்டே போக, உயிரணுக்களின் ஆற்றல் நிலையங்களான மைட்டோகாண்ட்ரியாவில் சக்சினேட் என்னும் பொருள் தேங்குகிறது. ரத்தம் புகுந்ததும் அது ஒரேயடியாக எரிந்து, உயிரணுக்களை அரிக்கும் வீரியமிக்க ஆக்சிஜன் மூலக்கூறுகளை வெளியிடுகிறது. கல்லீரலில் காவல் இருக்கும் குப்ஃபர் செல்கள் உடனே கிளர்ந்து, வெள்ளை அணுக்களை வரவழைத்து அழற்சியை மூட்டுகின்றன. இதைத் தடுக்க விலங்குகளில் பலன் தந்த மருந்துகள் பல உண்டு. மனிதர்களிடம் அவற்றில் எதுவும் வழக்கமான சிகிச்சையாக நிலைபெறவில்லை.

குடலிலிருந்து கல்லீரலுக்கு ரத்தம் கொண்டுவரும் போர்ட்டல் சிரையை அடைத்திருக்கும் இடுக்கியான கிளாம்ப் அகற்றப்பட்டதும், வெளிறிக் கிடந்த கல்லீரலில் சில நொடிகளில் செந்நிறம் ஏறும். எல்லாரும் அதைப் பார்த்திருக்க, என் கண் ஈசிஜி திரையில் இருக்கும். கல்லீரலை வைப்பதற்காக விஸ்கான்சின் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பெல்சரும் சதர்டும் 1980களில் உருவாக்கிய கரைசலில் பொட்டாசியம் மிக அதிகம். அது இதயத்தை எட்டினால் ஈசிஜி கோட்டில் டி அலை எனப்படும் மேடு கூராக எழும்பும், துடிப்பே நின்றுவிடவும் கூடும். ஆகையால் கிளாம்பை எடுக்குமுன் கல்லீரலைக் கழுவிக் கரைசலை வெளியேற்றுகிறார்கள். பொட்டாசியத்தின் தாக்கத்திலிருந்து இதயத்தைக் காக்கும் கால்சியம் நிரப்பிய சிரிஞ்சு என் கையருகே இருக்கும்.

கழுவுவதும் மருந்தேற்றுவதும் நோயாளியின் இதயத்தைக் காக்கும். கல்லீரலைக் காக்கும் வேலை அதற்கு முன்பே தொடங்க வேண்டும். பனிக்கட்டிப் பெட்டிக்குப் பதிலாக, இயந்திரத்தில் இணைத்து உடல் வெப்பத்திலேயே ரத்தம் பாய்ச்சிய முறையை 220 மாற்று சிகிச்சைகளில் ஒப்பிட்ட ஐரோப்பிய ஆய்வு 2018இல் வெளியானது. கல்லீரல் சேதத்தைக் காட்டும் நொதியின் அளவும், பயன்படாமல் ஒதுக்கப்பட்ட கல்லீரல்களின் விகிதமும் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்திருந்தன. நோயாளிகளின் ஆயுளில் அது வேறுபாடு எதையும் காட்டவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். குளிர்நிலையிலேயே இயந்திரம் வழியாக ஆக்சிஜன் ஊட்டும் முறை 2021இல் வெளிவந்த மற்றோர் ஆய்வில் சோதிக்கப்பட்டது. இதயத்துடிப்பு நின்றபின் பெறப்பட்ட கல்லீரல்களைப் பொருத்திக்கொண்ட 156 பேரில், பித்தநாளங்கள் சுருங்கும் சிக்கல் வழக்கமான குளிர்முறையில் 18 சதவீதமாகவும், இம்முறையில் 6 சதவீதமாகவும் இருந்தது.

கொழுப்பு படிந்த கல்லீரல் இந்தச் சேதத்தை மிகக் குறைவாகவே தாங்கும் என்பதால் அஞ்சி ஒதுக்குகிறோம். ‘நாங்கள் கொடுத்தும் ஏன் வேண்டாம் என்றீர்கள்?’ என்று கொடையாளியின் குடும்பத்தார் கேட்கையில் தலைகுனிய நேர்கிறது. உடல் வெப்பத்தில் இயங்கும் இயந்திரத்தில், இயங்கும் கல்லீரல் அகற்ற வேண்டிய லாக்டேட் என்னும் கழிவுப்பொருள் குறைகிறதா, பித்தநீர் சுரக்கிறதா என்று பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம். இதற்கான செலவை ஆடம்பரமாகக் கருதாமல் சிகிச்சையின் பகுதியாகவே காப்பீட்டுத் திட்டங்கள் ஏற்க வேண்டும் என்பதைத் தங்கள் நாளிதழும் வலியுறுத்த வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
மயக்கவியல் மருத்துவராகிய ஒரு வாசகர்