பொருள்: வெயில் ஏற ஏறத் தண்ணீர் குறையும் சோலார் பம்பு

பெறுநர்: வாடிக்கையாளர் சேவை மேலாளர்

ஐயா,

உங்கள் நிறுவனம் அமைத்துக் கொடுத்த 7.5 எச்பி சோலார் நீர்மூழ்கிப் பம்பு பற்றிய புகார் இது. போனில் பலமுறை சொல்லியும் ‘பேனலைத் துடையுங்கள்’, ‘போரில் தண்ணீர் இல்லை’ என்ற இரண்டு பதில்களே வருவதால் எழுத்தில் தருகிறேன்.

காலை பத்து மணிக்குத் தண்ணீர் ஓரளவு நன்றாக வருகிறது. வெயில் நன்றாக ஏறிய ஒரு மணிக்கு நூலாக இளைத்து, கொஞ்ச நேரத்தில் கன்ட்ரோலர் (பேனலின் டிசி மின்சாரத்தை மோட்டாருக்கான ஏசியாக மாற்றித் தரும் பெட்டி) ‘டிரை ரன்’, அதாவது தண்ணீரில்லாமல் ஓடுகிறது, என்று காட்டி நின்றுவிடுகிறது. மாலையில் வெயில் தணிந்ததும் மறுபடி கொஞ்சம் வருகிறது. போர் வற்றியிருந்தால் இப்படி நடக்காது. சந்தேகம் வேண்டாம் என்று அதே மோட்டாரை ஜெனரேட்டரில் ஒரு மதியம் முழுக்க ஓட்டிப் பார்த்தோம். குழாய் நிறையத் தண்ணீர் வந்தது, ஒருமுறைகூட இளைக்கவில்லை.

தூசியும் காரணமில்லை. தூசி படிந்தால் குறைவது பெரும்பாலும் ஆம்பியர்தான். இங்கே குறைவது வோல்டேஜ்.

கணக்கு உங்கள் கையேட்டிலேயே இருக்கிறது. மோட்டார் 415 வோல்ட். அதை முழு வேகத்தில் ஓட்ட கன்ட்ரோலருக்குச் சுமார் 587 வோல்ட் டிசி வேண்டும். இந்தக் கன்ட்ரோலர் வோல்டேஜை உயர்த்தித் தரும் வகையல்ல. நீங்கள் தொடராக இணைத்திருப்பது 14 பேனல். ஒவ்வொன்றின் பின்னால் உள்ள லேபிளிலும் வேலை செய்யும் வோல்டேஜ் 37 என்று இருக்கிறது. மொத்தம் 518. அதுவும் பேனல் 25 டிகிரியில் இருக்கும்போது. மதிய வெயிலில் பேனல் 60 டிகிரியைத் தாண்டும், சூடேறினால் வோல்டேஜ் இறங்கும் என்பது உங்கள் ஆட்களுக்குத் தெரியாததா? ஒரு மணிக்குத் திரையில் சுமார் 460 வோல்ட் தெரிகிறது; வோல்டேஜ் குறைவதால் மோட்டாரின் வேகத்தைக் காட்டும் ஹெர்ட்ஸும் 39-க்கு இறங்கியிருக்கிறது. 50 ஹெர்ட்ஸில் ஓட வேண்டிய பம்பு 39-ல் ஓடினால், அது தண்ணீரை ஏற்றும் உயரம் வேகத்தின் வர்க்கத்தில் குறைந்து அறுபது சதவீதத்துக்கு வந்துவிடும். எங்கள் போரின் ஆழத்துக்கு அது எட்டவில்லை. மோட்டார் சும்மா சுற்றுகிறது, இழுக்கும் ஆம்பியர் குறைகிறது, அதைப் பார்த்துக் கன்ட்ரோலர் தண்ணீர் இல்லை என்று முடிவு செய்கிறது.

கையேட்டு அட்டவணையில் இந்த மாடலுக்கு 16 அல்லது 17 பேனல் என்று அச்சிட்டிருக்கிறீர்கள். 14 ஏன் என்று கேட்டதற்கு, ஸ்டாண்டில் அவ்வளவுதான் இடம் என்றார் பொருத்த வந்தவர். சரி, ஸ்டாண்டைத் தேர்ந்தெடுத்தது யார்?

இதைவிட மோசமானது கடைசியாக வந்த டெக்னீஷியன் செய்தது. டிரை ரன் பாதுகாப்பையே அணைத்துவிட்டு, ‘இனி நிற்காது’ என்று சொல்லிப் போய்விட்டார். உண்மைதான், நிற்கவில்லை. தண்ணீர் ஏறாமல் சுற்றிக்கொண்டே இருந்தது. நீர்மூழ்கி மோட்டார் குளிர்வதே தன்னைக் கடந்து ஓடும் தண்ணீரால்தான். அன்று மாலை கவனித்து நாங்களே பம்பை நிறுத்தினோம். மதிய நேரங்களில் இப்போதும் நிறுத்தியே வைத்திருக்கிறோம்.

எனவே முதலில் அந்தப் பாதுகாப்பை உடனே திரும்பப் போட்டுத் தாருங்கள். அது அணைந்திருந்த நாட்களால் மோட்டாருக்கோ பேரிங்குக்கோ சேதம் வந்தால் உத்தரவாதத்தில் சேரும் என்று எழுதிக் கொடுங்கள். அப்புறம் குறையும் பேனல்களை, ஸ்டாண்டோடு சேர்த்து, உங்கள் செலவில் பொருத்துங்கள். அவை இதே மாடலாக இருக்க வேண்டும். அவசரத்தில் 18 ஆக்கிவிடாதீர்கள். லோடு இல்லாதபோது ஒரு பேனல் 45 வோல்ட் காட்டும், 18-க்கு 810 ஆகிவிடும், கன்ட்ரோலரின் எல்லை 800. குளிர்ந்த காலையில் வோல்டேஜ் இன்னும் ஏறும் என்பதால், 16-ஆ 17-ஆ என்பதை உங்கள் பொறியாளர் கணக்கிட்டுக் கையெழுத்திட்டுத் தரட்டும்.

வேலை முடிந்த பிறகு சோதனை ஓட்டத்தைக் காலையில் செய்யாமல் மதியம் ஒரு மணிக்குச் செய்து காட்டுங்கள். திரையின் படங்களும் பேனல் லேபிளின் படமும் இணைத்துள்ளேன். ஒரு வாரத்துக்குள் எழுத்தில் பதில் வராவிட்டால் நுகர்வோர் குறைதீர் அமைப்பில் முறையிடுவேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்