வாட்டாத விறகு

கோத்தகிரி,
மார்ச் 9

அன்புள்ள துரை,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. குளிரில் விரல் மரத்துப்போய் எழுத முடியவில்லை என்று சொல்லலாம், நீ நம்பமாட்டாய். சோம்பல்தான். தங்கச்சிக்கு முட்டிவலி எப்படி இருக்கிறது? இங்கே எல்லோரும் சுகம். சின்னவள் பிரசவத்துக்கு வந்திருக்கிறாள். வீடு நிறைய ஆள், எந்நேரமும் வெந்நீர். ஆகவே நீ கேட்டிருந்த விஷயத்தைப் பற்றி எழுத இதைவிடப் பொருத்தமான நேரம் கிடையாது.

தாண்டிக்குடியில் விருந்தாளிகளுக்கு நாலு ரூம் கட்டி முடித்துவிட்டாய், வெந்நீருக்கு நான் வைத்திருந்த மாதிரியே ஒரு விறகு பாய்லரை வெளியே நிறுத்திவிட்டால் போதுமா என்று கேட்டிருந்தாய். வேண்டாம். அதை நான் போன ஆகஸ்ட்டிலேயே பழைய இரும்புக்குப் போட்டுவிட்டேன். இப்போது இருப்பது கேஸிஃபையர் பாய்லர். பெயரைக் கேட்டதும் சிலிண்டர் என்று நினைத்துவிடாதே, இதுவும் விறகுதான், விறகை வாயுவாக்கி எரிக்கிறது.

பழையது உனக்குத் தெரியும். நடுவில் நெருப்பு, சுற்றிலும் தண்ணீர், ஓர் இரும்புப் பெட்டி. பன்னிரண்டு வருஷம் பின்கட்டில் நின்றது. அதன் கோளாறே அந்த அமைப்புதான். விறகு சூடேறினால் அதன் எடையில் முக்கால் பங்குக்கு மேல் வாயுவாகத்தான் கிளம்பும், மீதிதான் கரி. அந்த வாயு பற்றி எரியக் கடும் சூடு வேண்டும். ஆனால் அது கிளம்பினதுமே தண்ணீர் ஓடுகிற குளிர்ந்த சுவரில் போய் முட்டும். எரியாமலே புகையாகி வெளியே போகும். நாம் காசு கொடுத்து வாங்கின சூட்டில் பெரும் பங்கு அப்படித்தான் குழாய் வழியாகப் போய்க்கொண்டிருந்தது. இதில் இன்னொன்று, வாடகைக்கு விடுகிற என் எட்டு ரூமிலும் விருந்தாளிகள் குளிப்பது காலை ஆறிலிருந்து ஒன்பது வரை. மற்ற நேரமெல்லாம் காற்று வழியை அடைக்கிற டாம்பர் தகட்டை மூடி, நெருப்பை அமுக்கி வைத்திருப்போம். புகை அதிகம் வந்தது அந்த நேரத்தில்தான். குழாய் மூட்டிலிருந்து தார் மாதிரி ஒன்று சொட்டிச் சொட்டி, வெள்ளையடித்த சுவரில் கறுப்பாக ஒரு கோடு. எத்தனை தடவை அடித்தாலும் பத்து நாளில் அந்தக் கோடு மறுபடி மேலே வந்துவிடும். பக்கத்து வீட்டு அக்கா துணி காயப்போடுவதையே முன்புறத்துக்கு மாற்றிக்கொண்டார். ஜனவரி காலையில் பள்ளத்தில் குளிர்காற்று படிந்து நிற்கும்போது புகை மேலேயே போகாது. பனிமூட்டம் என்று நினைத்து விருந்தாளிகள் போட்டோ எடுப்பார்கள். பாதி என் பாய்லர் என்று நான் யாரிடமும் சொன்னதில்லை.

புதியதற்கு இரண்டு அறை, மேலே ஒன்று, கீழே ஒன்று. மேல் அறையில் விறகை அடுக்குகிறோம். அதன் அடியில் தீச்செங்கல்லில் ஒரு துவாரம். ஒரு சின்ன ஃபேன் வாயுவைக் கீழ்நோக்கி அந்தத் துவாரம் வழியாக இழுக்கிறது. அங்கே இரண்டாவது முறை காற்று கலக்கிறது. கீழ் அறையில் தண்ணீர் பக்கத்திலேயே இல்லை, சுற்றிலும் செங்கல்தான். அதனால் ஆயிரம் டிகிரிக்கு மேல் சூடேறி வாயு முழுசாக எரிந்துவிடுகிறது. எரிந்த பிறகுதான் அந்தச் சூடு தண்ணீர்க் குழாய்களைத் தொடுகிறது. முதலில் எரி, அப்புறம் குளிர். பழையது இரண்டையும் ஒரே இடத்தில் செய்யப் பார்த்தது.

கீழ் அறைக் கதவில் ரூபாய்க் காசு அளவுக்கு ஒரு கண்ணாடி இருக்கிறது. அதில் பார்க்க வேண்டும் நீ. தீ மேலிருந்து கீழே பாய்கிறது! நுனி மஞ்சள், வேர்ப்பக்கம் ஊதா. ஸ்டவ்வைப் பம்ப் அடித்து ஏற்றினால் ஒரு இரைச்சல் வருமே, அதே சத்தம், கொஞ்சம் கட்டையான குரலில். வெளியே வந்து புகைக்குழாயை நிமிர்ந்து பார்த்தால் ஒன்றுமே இல்லை. மேலே காற்று மட்டும் கானல் மாதிரி நெளியும். முதல் நாள் அணைந்துவிட்டது என்றே நினைத்தேன்.

உங்கள் அப்பா கரி பஸ் கதை சொல்வாரே, ஞாபகம் இருக்கிறதா? யுத்த காலத்தில் பெட்ரோலுக்கு ரேஷன் வந்தபோது பஸ்ஸின் பின்னால் பீப்பாயைக் கட்டி, கரியைப் போட்டு, கால் மணி நேரம் கையால் ஊதுவிசிறியைச் சுற்றினால்தான் வண்டி கிளம்பும் என்பார். மேட்டில் எல்லோரும் இறங்கித் தள்ள வேண்டும் என்பதைச் சொல்லும்போது மட்டும் எழுந்து நின்று நடித்துக் காட்டுவார். அந்தப் பீப்பாயும் இதுவும் ஒரே சாதி. அரைகுறைக் காற்றில் எரிபொருளை வாயுவாக்குவது, அந்த வாயுவை வேறோர் இடத்தில் எரிப்பது. அவர்கள் இஞ்சினில் எரித்தார்கள், நான் செங்கல் அறையில் எரிக்கிறேன்.

சரி, இனி பட்ட பாட்டைச் சொல்கிறேன்.

மாட்டின முதல் இரண்டு மாதம் ஒழுங்காக ஓடியது. நவம்பரில் மழை பிடித்தது. இந்தப் பக்கம் வடகிழக்குப் பருவமழைதானே வெளுத்து வாங்கும். ஒரு சனிக்கிழமை, எட்டு ரூமும் நிறைந்திருந்தது. காலை ஐந்தரைக்குப் பற்றவைத்தேன். ஆறரைக்கும் கீழ் அறை இருட்டாகவே இருந்தது. மேல் அறைக் கதவைத் திறந்தால் ஈரப் புகை, சுவரெல்லாம் பழுப்பாகக் கசிவு, கட்டைகளின் முனையில் தண்ணீர் நுரைத்து இஸ் இஸ் என்று சத்தம். வீட்டில் அண்டாவை ஏற்றி கேஸில் சுடவைத்து, பக்கெட் பக்கெட்டாக மாடிக்குச் சுமந்தோம். "இதுக்கா இத்தனை பணம் கொடுத்தீங்க?" என்று வீட்டுக்காரி ஒரே ஒரு தடவைதான் கேட்டாள். பாய்லர் மாட்டிக் கொடுத்தவரைப் போனில் கூப்பிட்டு நான் பேசின பேச்சை இங்கே எழுத முடியாது.

மறுநாள் அவர் வந்தார். பாய்லர் பக்கமே போகவில்லை. நேரே விறகு அட்டிக்குப் போய், ஒரு கற்பூர மர (யூகலிப்டஸ்) கட்டையை எடுத்துக் கோடரியால் பிளந்தார். உள்பக்கத்தை என் கன்னத்தில் வைத்தார். ஜில்லென்று இருந்தது. பையிலிருந்து ஈரம் பார்க்கிற மீட்டரை எடுத்து இரண்டு ஊசியைக் குத்தினார். 38. "இருபதுக்குக் கீழே வேணும் சார்" என்றார், அவ்வளவுதான். போய்விட்டார்.

எனக்கு வந்த வெட்கம் வேறு விதம். முப்பத்தொரு வருஷம் தேயிலை ஃபாக்டரியில் இருந்தவன் நான். இலையை வாட்டாமல் ஒரு நாளாவது மெஷினில் போட்டிருப்போமா? வாட்டம் போதவில்லை என்றால் ஒரு ஷிஃப்டையே நிறுத்துவோம். தூளில் ஈரம் மூன்று சதவீதம் தாண்டினால் டீமேக்கர் முகம் கடுகடுவென்று ஆகிவிடும். அதே ஆள் வீட்டில் பச்சை விறகை லாரியிலிருந்து இறக்கி, தார்ப்பாயை நாலு பக்கமும் இழுத்துக் கட்டி, உள்ளேயே புழுங்கவிட்டிருக்கிறேன். பழைய பாய்லர் எதைப் போட்டாலும் தின்னும். பன்னிரண்டு வருஷம் அது என்னைக் கெடுத்துவைத்திருந்தது.

அப்புறம் கணக்குப் போட்டுப் பார்த்தேன். புதிதாக வெட்டின மரத்தில் ஏறக்குறைய பாதி எடை தண்ணீர். டன் கணக்கில் வாங்குகிறோம் என்றால், அதில் பாதிக்குத் தண்ணீருக்குக் காசு கொடுக்கிறோம்! அந்தத் தண்ணீரை ஆவியாக்க மறுபடி நம் விறகையே செலவழிக்கிறோம். காய்ந்த விறகு கிலோவுக்கு நாலு யூனிட் கரண்ட் அளவு சூடு தரும். பச்சை விறகு தருவது இரண்டை ஒட்டித்தான்.

டிசம்பரில் கொட்டகை போட்டேன். மேலே தகரம், இரண்டு பக்கம் திறப்பு, தரையிலிருந்து ஓர் அடி உயரத்தில் சட்டம். ஃபாக்டரியில் வாட்டுத்தொட்டிக்கு அடியில் காற்று விடுவோமே, அந்த நினைப்பில் போட்டது. வந்த நாளே கட்டையைப் பிளந்துவிடுகிறேன். முழுக்கட்டை பட்டைக்குள்ளேயே ஈரத்தைப் பூட்டி வைத்துக்கொள்ளும். இப்போது எரிப்பது போன வருஷம் வாங்கியதில் மீந்த சீகை மர விறகு, மீட்டரில் 17 காட்டுகிறது. முன்பு ஒரு நாளைக்கு ஐம்பது கிலோ போகும். இப்போது பதினைந்து, கூட்டமாக இருந்தால் இருபது. இதில் பாய்லரின் பங்கு எவ்வளவு, காய்ந்த விறகின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல என்னால் ஆகாது.

நீ வாங்குவதாக இருந்தால் வெந்நீரைச் சேர்த்து வைக்கிற தொட்டி இல்லாமல் வாங்காதே. இதை அமுக்கி வைக்க முடியாது, அமுக்கினால் பழையதைப் போலவே தார் பிடிக்கும். எரிந்தால் முழு மூச்சில் எரிய வேண்டும், இல்லையென்றால் அணைய வேண்டும். நான் 1,000 லிட்டர் தொட்டிக்கு நல்ல கனமாக மேல்போர்வை போட்டு வைத்திருக்கிறேன். விடியற்காலை இரண்டு மணி நேரம் எரிக்கிறேன். தொட்டி எண்பது டிகிரிக்கு வந்துவிடும், அது இரவு வரைக்கும் தாங்கும். ஒரு வேடிக்கை. பாய்லரைக் கீழ்நாட்டுப் பழக்கத்தில் 90 டிகிரிக்கு வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். இந்த 1,800 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 94லேயே கொதித்துவிடும், இடைவெளி நாலே டிகிரி. இரண்டு நாள் தொட்டி கடகடவென்று முனகியது. 82க்கு இறக்கினேன், அடங்கிவிட்டது. உன் ஊர் உயரம் கம்மி, உனக்குக் கொஞ்சம் இடம் இருக்கும். தொட்டியிலிருந்து பாய்லருக்குத் திரும்புகிற தண்ணீர் 55, 60க்குக் கீழே போகாமல் கலந்துவிடுகிற வால்வு ஒன்று உண்டு. அதை மிச்சம் பிடிக்காதே. ஜில்தண்ணீர் போனால் உள்ளே வியர்த்து இரும்பை அரித்துவிடும்.

கரண்ட் போனால் ஃபேன் நிற்கும். காற்றடிக்கிற நாளில் இங்கே எந்த மரம் எந்தக் கம்பியில் விழும் என்று யாருக்குத் தெரியும். சின்ன யுபிஎஸ் ஒன்று வைத்திருக்கிறேன். இன்னொன்று, எரிந்துகொண்டிருக்கும்போது மேல் கதவைப் பட்டென்று திறக்காதே. உள்ளே நிற்பது எரியாத வாயு. என் இடது புருவம் ஒரு மாதம் இல்லாமல் இருந்தது. பேத்தி ஸ்கெட்ச் பேனாவால் வரைந்துவிட்டாள். விளையாட்டாகச் சொன்னாலும் அந்த வாயு விளையாட்டு இல்லை. மூடின ரூமில் கரியடுப்பு வைத்துத் தூங்கினவர்களைக் கொல்வதும் அதே வாயுதான். மழைக்குப் பயந்து பாய்லரை வீட்டுக்குள் கொண்டுவராதே, வெளியே கொட்டகையிலேயே இருக்கட்டும்.

சோலார் வைத்தால் என்ன என்று உன் பையன் கேட்டானாமே. தாராளமாக வைக்கட்டும். ஜனவரி முதல் மார்ச் வரை அதைப் போல வராது. நவம்பரில் பத்து நாள் வெயிலையே பார்க்காமல் இருக்கும்போது விருந்தாளியிடம் என்ன பதில் சொல்வான் என்று மட்டும் கேட்டுவை.

உன்னிடம் காப்பித் தோட்டத்து நிழல் மரங்களைக் கவாத்து செய்த கிளைகள் வருஷா வருஷம் விழுகின்றன, விறகுக்கு நீ அலைய வேண்டியதில்லை. சில்வர் ஓக் பிளந்து வைத்தால் சீக்கிரம் காயும். ஆனால் முழங்கை நீளத்துக்கு மேல் வெட்டாதே. நீளமும் கோணலுமாக இருந்தால் மேல் அறையில் ஒன்றோடொன்று பிணைந்து அந்தரத்தில் நின்றுவிடும். அடியில் எரிந்து காலியாகி, மேலே கட்டை தொங்கிக்கொண்டிருக்கும். அப்புறம் கம்பியை விட்டுக் குத்திக்கொண்டிரு.

சித்திரையில் வருவதாக எழுதியிருக்கிறாய். குழந்தைக்குப் பெயர் வைப்பதும் அந்தச் சமயம்தான் இருக்கும், தங்கச்சியைக் கட்டாயம் கூட்டி வா. வரும்போது மலைவாழை ஒரு சீப்பு, அதோடு உன் அட்டியின் நடுவிலிருந்து ஒரு கட்டையை உருவி பையில் போட்டுக்கொள். மேலே கிடப்பதை எடுத்து வந்து என்னை ஏமாற்றாதே. மீட்டர் இங்கே இருக்கிறது.

அன்புடன்,
செல்வம்