பாட்டில் ஏற்றுவது பற்றி

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. மகள் நீட் எழுதி முடித்தது சந்தோஷம். ரிசல்ட் வரும்வரை அவளைச் சும்மா விடு. எனக்கு முட்டி வலி, மற்றபடி குறையில்லை.

சரி, எவ்வளவு பாட்டில் ஏற்றலாம் என்று நீ கேட்ட விஷயம். பி.பி. 70-க்கு இறங்கிய விபத்து கேஸ், ரத்த வங்கி இல்லாத தாலுகா ஆஸ்பத்திரி. நாம் ஹவுஸ் சர்ஜனாக இருந்தபோது இதில் யோசிக்க ஒன்றுமில்லை: இரண்டு கையிலும் பெரிய ஊசி, ஆர்.எல். (ரிங்கர் லாக்டேட் என்ற உப்புநீர்) நாலு பாட்டில் மளமளவென்று. பி.பி. ஏறியதும் எல்லோர் முகத்திலும் நிம்மதி.

அந்த நிம்மதியை நம்பாதே. ரத்தம் போகும் வழி அடைபடாமல் பி.பி.யை ஏற்றினால், அப்போதுதான் பிடித்திருந்த ரத்தக்கட்டி பிய்த்துக்கொள்ளும். இருக்கிற ரத்தமும் நீர்த்து, உறையும் சக்தி போய்விடும். உடம்பும் குளிர்ந்துவிடும். அமெரிக்க உடலியல் அறிஞர் வால்டர் கேனன் இதை 1918-லேயே, போர்முனை அனுபவத்தில் எச்சரித்தார். நமக்கு உறைக்க 1994-இல் வந்த ஹூஸ்டன் ஆய்வு வேண்டியிருந்தது: உடனே பாட்டில் ஏற்றியவர்களில் 62 சதவீதம் பிழைத்தார்கள், ஆபரேஷன் தியேட்டர் வரை நிறுத்திவைத்தவர்களில் 70 சதவீதம். அவர்கள் உடற்பகுதியில் குத்துப்பட்டவர்கள், சுடப்பட்டவர்கள். பெரிய ஆஸ்பத்திரியும் பக்கத்திலேயே. நம் ஊர் பைக் விபத்துக்கு அதை அப்படியே பொருத்த எனக்குத் தயக்கம்தான். ஆனாலும் விபத்து சிகிச்சைக்கான ஏ.டி.எல்.எஸ். பயிற்சிப் பாடமே 2018-இல், முதலில் ஏற்றும் இரண்டு லிட்டரை ஒன்றாகக் குறைத்துவிட்டது.

உன் இடத்தில் நானாக இருந்தால், முதலில் ரத்தம் வரும் இடத்தை அழுத்திப் பிடிக்கச் சொல்வேன். இடுப்பெலும்பு உடைந்த சந்தேகம் இருந்தால் பெட்ஷீட்டால் இறுக்கிக் கட்டு, வயிற்றில் அல்ல, தொடை தொடங்கும் மட்டத்தில். அடிபட்டு 3 மணி நேரத்துக்குள் என்றால் ரத்தக்கட்டி கரையாமல் காக்கும் டிரானெக்சாமிக் ஆசிட் 1 கிராம், நரம்பு வழியாக 10 நிமிடத்தில். 3 மணி நேரத்தைத் தாண்டினால் கெடுதலாகவும் முடியலாம். ஆர்.எல். 250 மில்லி ஏற்று, மணிக்கட்டில் நாடியைப் பார், வேண்டுமானால் இன்னொரு 250. பேசுகிறார், மேல் பி.பி. 80, 90 இருக்கிறது என்றால் போதும். தலையில் அடி என்றால் இந்தக் கணக்கே வேறு. மூளைக்கு ரத்தம் குறையக்கூடாது, மேல் பி.பி.யை 110-க்குக் கீழே விடாதே.

அப்புறம், மின்விசிறியை அணைத்து, ஈரத்துணியைக் களைந்து போர்த்திவிடு. ஆம்புலன்ஸ் கிளம்பும் முன்பே மாவட்ட ஆஸ்பத்திரிக்கு போன் போட்டு ரத்தம் தயாராக வைக்கச் சொல். அவருக்கு வேண்டியது அதுதான்.

"ஒரு பாட்டில்கூட ஒழுங்கா ஏத்தல" என்று சொந்தக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். அதற்கு என்னிடம் மருந்து இல்லை. நீ எப்படிச் சமாளிக்கிறாய் என்று எழுது.

அன்புடன்,
ரவி