90 நிமிடக் கேமுக்கும் இரண்டு மணி நேர ரீஃபண்டா?

டிஜிட்டல் கேம் ஸ்டோர்களை நடத்துபவர்களுக்கு,

வணக்கம். போன வாரம் எங்கள் இண்டி கேமுக்கு ஒரு ரிவ்யூ வந்தது. "கடைசிக் காட்சியில் அழுதுவிட்டேன், எல்லோரும் விளையாடுங்கள்" என்று ஒருவர் எழுதியிருந்தார். விளையாடிய நேரம் 94 நிமிடம். பக்கத்திலேயே இன்னொரு குறிப்பு: பணம் திரும்பப் பெறப்பட்டது.

மூன்று பேர், வேலைக்குப் போய் வந்து, இரண்டு வருட இரவுகளில் செய்த கேம் அது. பிடிக்கவில்லை என்று திருப்பியிருந்தால் இவ்வளவு வலித்திருக்காது. அவர்மேல் கோபமும் இல்லை. உங்கள் விதி இடம் கொடுத்தது, அவர் பயன்படுத்திக்கொண்டார்.

வாங்கிய 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால் ரீஃபண்ட். இந்த விதி வேண்டும். கம்ப்யூட்டரில் ஓடாத கேமுக்குக் காசை இழக்க நாங்களும் விரும்பமாட்டோம். ஆனால் 60 மணி நேரம் ஓடும் பெரிய பட்ஜெட் கேமில் இரண்டு மணி நேரத்தில் டுடோரியலே முடிந்திருக்காது. எங்கள் கேமோ கிரெடிட்ஸ் ஓடி முடிந்து அரை மணி நேரம் ஆகியிருக்கும். 'சம்மர் ஆஃப் 58' கேமைச் செய்த எமிகா கேம்ஸ், 2021-இல் இதே காரணத்தைச் சொல்லித்தான் கேம் செய்வதைக் காலவரையின்றி நிறுத்துவதாக அறிவித்தது. அதற்கப்புறமும் இரண்டு மணி நேரம் இரண்டு மணி நேரமாகவே இருக்கிறது.

கேமை நீட்டிவிடுங்கள் என்று சிலர் யோசனை சொல்கிறார்கள். நடக்கும் வேகத்தைக் குறைக்கலாம், நான்கு சாவிகளை ஒளித்துவைத்துத் தேடவிடலாம். செய்துபார்த்தோம். அந்தக் கடைசிக் காட்சி செத்துப்போனது. எல்லாவற்றையும் எடுத்துவிட்டோம்.

நாங்கள் கேட்பது ஒன்றுதான்: ரீஃபண்ட் நேரத்தைக் கேமின் நீளத்துக்கு ஏற்றபடி வையுங்கள். யார் எவ்வளவு நேரம் விளையாடினார்கள், யார் முடித்தார்கள் என்ற கணக்கு உங்களிடமே இருக்கிறது.

பெரிய நிறுவனங்களுக்கு என்றால் விதிகள் வளைகின்றனவே. 2018-இல் கம்ப்யூட்டர் கேம்களை விற்கும் ஸ்டீம் ஸ்டோர், விற்பனையில் தான் எடுத்துக்கொள்ளும் 30 சதவீதப் பங்கை, ஒரு கோடி டாலரைத் தாண்டும் வருமானத்துக்கு 25 ஆகவும் ஐந்து கோடியைத் தாண்டினால் 20 ஆகவும் குறைத்தது. அந்தப் பக்கமே எட்டிப்பார்க்க முடியாத சிறிய குழுக்களுக்கு 30தான். ஆப்பிள் தன் ஆப் ஸ்டோர் பங்கை 2021-இல் சிறிய டெவலப்பர்களுக்குத்தானே 15 ஆக்கியது? சரி, பங்கு விஷயத்தைத் தனியாகப் பேசுவோம்.

இப்போதைக்கு ரீஃபண்ட் நேரத்தை மட்டும் மாற்றித் தாருங்கள். கேம் ஓடவில்லை என்பவர்களுக்கு எப்போதும்போலப் பணத்தைக் கொடுங்கள். முடித்தவர்கள் கேட்டால் மட்டும், கொடுப்பதற்கு முன் ஒரு முறை காரணம் கேளுங்கள். அடுத்த கேமின் வேலையைத் தொடங்குவதா என்று மூவரும் பேசிக்கொண்டிருக்கிறோம். அதற்குள் உங்கள் பதில் வந்தால் உதவியாக இருக்கும்.

நன்றியுடன்,
மூவர் குழுவில் ஒருவர்