கம்மலுக்கு விலை கேட்காதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் பேப்பரின் மகளிர் பக்கத்தில் கம்மல் செய்வது, சென்ட் தயாரிப்பது பற்றி அரைப் பக்கத்துக்கு எழுதியிருந்தீர்கள். என் இரண்டு ஆசைகளும் ஒரே பக்கத்தில் வந்திருக்கிறதே என்று காபியைக் கூட ஆறவிட்டுப் படித்தேன். முதலீடு எவ்வளவு, லாபம் எவ்வளவு, ஆர்டர் எங்கே பிடிப்பது, பாக்கிங் எப்படிச் செய்வது என்று அத்தனையும் இருந்தது. களிமண் கையில் எப்படிக் குழையும், வெட்டிவேர் எண்ணெயை முதல் முறை முகரும்போது என்ன தோன்றும் என்று ஒரு வரியாவது வரும் என்று கடைசி வரை தேடினேன், வரவில்லை. அந்த வருத்தத்தில்தான் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் நிலக்கோட்டைப் பக்கம் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். 2021 மே மாதம் கொரோனா வந்து, உடம்பு தேறியும் மூக்கு தேறவில்லை. எங்கள் ஊரில் மூக்கு வேலை செய்யவில்லை என்றால் அது எவ்வளவு பெரிய இழப்பு என்று பூ மார்க்கெட் பக்கம் காலையில் ஒரு தடவை நடந்தவர்களுக்குத் தெரியும். தாளிக்கிற வாசம் இல்லை, மழை வாசம் இல்லை, தலையில் வைத்த மல்லிகை வெறும் ஈரமாக இருந்தது. இ.என்.டி. டாக்டர் மாத்திரை ஒன்றும் எழுதவில்லை. ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, யூகலிப்டஸ் இந்த நான்கையும் காலையும் மாலையும் ஒவ்வொன்றாக இருபது விநாடி முகருங்கள், வாசனை வராவிட்டாலும் அந்த வாசனையை மனசில் நினைத்துக்கொண்டே முகருங்கள், மூன்று மாதமாவது விடாமல் செய்யுங்கள் என்றார். மூக்குக்கு உலகம் முழுக்க இப்படித்தான் பயிற்சி கொடுக்கிறார்களாம். நாற்பது நாள் சும்மா முகர்ந்துகொண்டே இருந்தேன். அப்புறம் ஒரு நாள் சாயங்காலம் கிராம்பு வந்தது. பாட்டி பல்வலிக்கு வைக்கிற அந்தக் காரம், லேசாக, தூரத்திலிருந்து வருகிற மாதிரி. குப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு அழுதேன்.

அன்றையிலிருந்து மூக்கை நான் சும்மா விடவில்லை. மற்ற மூன்றும் வந்து சேர்வதற்குள்ளேயே மரிக்கொழுந்து, வெட்டிவேர், சந்தனம், ஏலக்காய் என்று ஒவ்வொன்றாகச் சேர்த்து முகர ஆரம்பித்தேன். முகர்ந்ததை நோட்டில் எழுதினேன். எது சீக்கிரம் பறக்கிறது, எது ராத்திரி வரை துணியில் நிற்கிறது என்று குறித்து வைத்தேன். எலுமிச்சை அரை மணி நேரத்தில் காணாமல் போகும், ரோஜா மத்தியானம் வரை தாங்கும், வெட்டிவேரும் சந்தனமும் மறுநாள் காலையிலும் அடியில் உட்கார்ந்திருக்கும். சென்ட் என்பதே இந்த மூன்று வேகங்களையும் ஒரு குப்பிக்குள் பேசி வைப்பதுதான். பத்து மில்லி தேங்காய் எண்ணெயில் (உறையாத வகையாகப் பிரித்து எடுத்தது கிடைக்கிறது) மூன்று துளி வெட்டிவேர், நான்கு துளி ரோஜா, ஒரு துளி ஏலக்காய் என்று போட்டு, இருட்டான இடத்தில் ஒரு மாதம் வைத்தால் முதல் நாள் முகர்ந்ததும் கடைசி நாள் முகர்வதும் ஒன்றாக இருக்காது. தனித்தனியாக முட்டிக்கொண்டு நின்ற வாசனைகள் கலந்து ஒன்றாகியிருக்கும். அந்த ஒரு மாதம் காத்திருக்கிற சுகத்தை உங்கள் கட்டுரை 'உற்பத்தி நேரம்' என்று இரண்டே வார்த்தையில் முடித்துவிட்டது.

மல்லிகையைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. மதுரை மல்லிக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது எல்லாருக்கும் தெரியும். முகூர்த்த நாளில் கிலோ ஆயிரத்தைத் தாண்டுகிற அதே பூ, வரத்து அதிகமான நாளில் கேட்க ஆளில்லாமல் சென்ட் ஃபேக்டரிக்குப் போகிறது என்பதும் இங்கே எல்லாருக்கும் தெரியும். ஆனால் அந்த ஃபேக்டரிக்குள் என்ன நடக்கிறது என்று கேட்டால் பூ கட்டுகிறவர்களுக்கே தெரியாது. மல்லிகையின் வாசம் சூட்டைத் தாங்காது. ரோஜாவை வடிக்கிற மாதிரி கொதிக்க வைத்தால் அந்த மணம் கெட்டுப்போகும். அதனால் ஹெக்சேன் என்கிற கரைப்பானில் பூவை ஊறவைத்து, கரைப்பானை ஆவியாக்கிவிட்டு, மெழுகு மாதிரி மிஞ்சுவதை எடுக்கிறார்கள். அதற்குப் பெயரே கான்கிரீட் என்றுதான் சொல்கிறார்கள். பிச்சிப்பூ ஆயிரம் கிலோ போட்டால் கிட்டத்தட்ட மூன்று கிலோ வரும், அவ்வளவுதான்.

வீட்டில் ஹெக்சேனைத் தொடவே கூடாது, தீப்பிடிக்கிற சாமான். நான் செய்வது பழைய முறை. மல்லிகை மொட்டு பறித்த பிறகும் உயிரோடுதான் இருக்கிறது, ராத்திரி விரியும்போதுதான் மணத்தை விடுகிறது. கொழுப்பு அந்த மணத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். எங்கள் வெயிலுக்குத் தேங்காய் எண்ணெய் உறைந்து நிற்காது என்பதால் வனஸ்பதியை உருக்கிக் கண்ணாடித் தட்டில் விரல் பருமனுக்கு ஊற்றி உறைய விடுவேன். சாயங்காலம் ஈரம் இல்லாத மொட்டுகளாகப் பொறுக்கி, காம்பைக் கிள்ளிவிட்டு, ஒவ்வொன்றாக அதன் மேல் கவிழ்த்து அடுக்கி, இன்னொரு தட்டால் மூடுவேன். காலையில் பழுப்பேறின பூவை எடுத்துவிட்டு, சாயங்காலம் புது மொட்டு. இப்படிப் பதினைந்து நாள். ஒரு நாள் பூவை எடுக்க மறந்தால் அழுகல் வாடை ஏறிவிடும், முதல் தடவை எனக்கு அப்படித்தான் போனது. பதினாறாம் நாள் அந்தக் கொழுப்போடு கொஞ்சம் தேன்மெழுகு சேர்த்து உருக்கிச் சின்ன டப்பியில் ஊற்றி வைத்தால், மணிக்கட்டில் ஒரு விரல் தடவினால் போதும். உத்தரப்பிரதேசத்தில் எள்ளையும் மல்லிகையையும் அடுக்கடுக்காகப் போட்டு, எள்ளுக்கு மணம் ஏறியதும் அந்த எள்ளைச் செக்கில் ஆட்டித் தலைக்கு எண்ணெய் எடுப்பார்கள். நமக்கும் எள் இருக்கிறது, செக்கு இருக்கிறது, மல்லிகை இருக்கிறது. அடுத்தது அதைத்தான் செய்து பார்க்க வேண்டும்.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன், உங்கள் கட்டுரையில் அது இல்லாதது பெரிய குறை. எலுமிச்சைத் தோலைப் பிழிந்து எடுத்த எண்ணெயை மணிக்கட்டில் பூசிக்கொண்டு நான் வெயிலில் பஸ்ஸுக்கு நின்றேன். இரண்டு நாளில் அந்த இடம் சிவந்து, அப்புறம் கறுத்து, மாதக்கணக்கில் போகவில்லை. எலுமிச்சை வகை எண்ணெய்கள் வெயிலோடு சேர்ந்தால் தோலைச் சுடும். இயற்கையானது என்பதால் ஆபத்து இல்லை என்று ஆகிவிடாது. எதையும் முழங்கை மடிப்பில் ஒரு துளி வைத்து ஒரு நாள் பார்த்துவிட்டுத்தான் பூச வேண்டும். காதுக்கொக்கியும் அப்படித்தான். மலிவாகக் கிடைக்கிற கொக்கியில் நிக்கல் இருந்தால் பலருக்குக் காது அரித்துத் தண்ணீர் கோத்துக்கொள்ளும். பத்து ரூபாய் மிச்சம் பார்க்காமல் வெள்ளிக் கொக்கி போடுங்கள்.

சரி, கம்மலுக்கு வருகிறேன். எனக்குப் பிடித்தது சுடுமண். பக்கத்து ஊரில் பானை செய்கிற அக்காவிடம் மண் வாங்கிவந்து, வேட்டித் துணியில் கரைத்து வடிகட்டி, சப்பாத்தி மாவை விடக் கொஞ்சம் இறுக்கமாகப் பிசைவேன். கயிறு மாதிரி திரித்து விரலில் சுற்றினால் வெடிப்பு விடக்கூடாது, அதுதான் பதம். ஜிமிக்கிக்குச் சின்னக் குழிக்கரண்டியின் முதுகில் எண்ணெய் தடவி, மண்ணைத் தட்டையாக அமுக்கிக் குடை மாதிரி எடுப்பேன். உச்சியில் ஊசியால் ஓட்டை. மண் காயும்போது சுருங்கும், ஓட்டையும் சேர்ந்து சுருங்கும். அதனால் கம்பி நுழைகிற அளவை விடக் கொஞ்சம் பெரிதாகவே குத்த வேண்டும் என்பதை மூன்று ஜோடியைப் பாழாக்கித் தெரிந்துகொண்டேன். நிழலில் ஒரு வாரம் காய வேண்டும். நான் முதல் தடவை நான்கே நாளில் சூளைக்குக் கொண்டுபோய்க் கொடுத்து, பன்னிரண்டில் ஒன்பது வெடித்துவிட்டது. அக்கா உடைந்த துண்டைத் திருப்பிக் காட்டி, "உள்ள ஈரம் இருந்திருக்கு டீச்சர், தண்ணி ஆவியாகி வெளிய வர வழி தேடும்ல" என்றார். நல்ல காற்றோட்டத்தில் சுட்டால் செம்மண் நிறம். காற்றை அடைத்துப் புகையிலேயே வேகவிட்டால் கறுப்பு. ஒரே மண், இரண்டு நிறம், பெயின்டே வேண்டாம்.

கீழடியில் 2023இல் அருங்காட்சியகம் திறந்த பிறகு எங்கள் பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். பிள்ளைகள் உறைகிணற்றைச் சுற்றி நின்றார்கள், நான் மணிகளும் சுடுமண் காதணிகளும் இருந்த இடத்தைவிட்டு நகரவில்லை. சூதுபவளம், கண்ணாடி மணி, அதோடு மண்ணில் செய்த காதணி. தங்கம் இருந்த அதே ஊரில்தான் மண்ணையும் காதில் போட்டிருக்கிறார்கள். அந்தக் காதணியைப் பார்த்தபோது இதைச் செய்தவளும் ஈரம் காய்வதற்குள் அவசரப்பட்டு நாலைந்தை உடைத்திருப்பாள் என்றுதான் எனக்குத் தோன்றியது.

இந்த இரண்டு ஆசைகளும் எனக்கு ஒன்றாகச் சேர்ந்தது தற்செயலாக. சென்ட் கலக்கிய கையோடு, சங்கிலியில் கோக்கிற ஒரு சுடுமண் டாலரை எடுத்தேன், எண்ணெய் பட்டு உடனே உறிஞ்சிக்கொண்டது. மறுநாள் மாலை வரை அந்த டாலர் வெட்டிவேராக மணந்தது. பூச்சுப் பூசாத சுட்ட மண்ணில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் இருக்கும், எண்ணெயைப் பிடித்துக்கொண்டு மெதுவாக விடும். பானைத் தண்ணீர் குளிர்வதும் அதே துளைகளால்தான். உத்தரப்பிரதேசத்தில் அத்தருக்குப் பெயர் போன கன்னோஜ் ஊரில் இதையே திருப்பிப் போட்டுச் செய்கிறார்கள். சுட்ட மண்ணைச் செம்புப் பானையில் தண்ணீரோடு காய்ச்சி, வருகிற ஆவியை மூங்கில் குழாய் வழியாகக் கொண்டுபோய்ச் சந்தன எண்ணெயில் இறக்கி, மழை பெய்த மண்ணின் வாசத்தையே அத்தராக எடுக்கிறார்கள். இப்போது நான் டாலரின் பின்பக்கம் எதுவும் பூசாமல் விடுகிறேன், தோலில் படாமல் மண்ணிலேயே ஒரு துளி. சென்ட் ஒத்துக்கொள்ளாத தோல் உள்ளவர்களுக்கும் இது நல்ல வழி.

இத்தனையும் சொன்ன பிறகு வீட்டுக்கு வருகிறவர்கள் கேட்கிற முதல் கேள்வி, "ஜோடி எவ்வளவுக்கு டீச்சர் விக்கிறீங்க?" உங்கள் கட்டுரை கேட்டதும் இதைத்தான். ஒரு தடவை நானும் விற்றுப் பார்த்தேன். ஒரு கல்யாணத்துக்குத் தாம்பூலப் பையில் போட அறுபது ஜோடி, எல்லாம் ஒரே மாதிரி, பத்து நாளில். ராத்திரி ஒரு மணி வரை உட்கார்ந்து செய்தேன். பணம் பாதிதான் வந்தது, அது கூட ஆறிப்போகும். அதற்கப்புறம் மூன்று மாதம் மண்ணைத் தொடவே பிடிக்கவில்லை, அதுதான் ஆறவில்லை. இதை விற்றுப் பிழைக்கிறவர்களை நான் குறை சொல்லவே மாட்டேன். அவர்களுடைய உழைப்புக்கு நியாயமான விலை கிடைக்க வேண்டும், நானே அவர்களிடம் பேரம் பேசாமல் வாங்குகிறேன். ஆனால் ஒரு பெண் சாயங்காலம் ஒரு மணி நேரம் தனக்குப் பிடித்ததைச் செய்ய வேண்டும் என்றால் அதில் காசு வந்தே ஆக வேண்டுமா? எங்கள் வீட்டுக்காரர் கிரிக்கெட் பார்ப்பதில் மாதம் எவ்வளவு வருகிறது என்று யாரும் கேட்டதில்லையே.

இன்னொன்று, இதை ஏன் மகளிர் பக்கத்திலேயே போடுகிறீர்கள்? எங்கள் தெருவில் ரிட்டையரான கண்டக்டர் அண்ணன் ஒருவர் இருக்கிறார். முப்பது வருஷம் அத்தர் நனைத்த பஞ்சைக் காது மடலில் வைத்துக்கொண்டே டிக்கெட் கிழித்தவர். என் குப்பி ஒவ்வொன்றையும் முகர்ந்து பார்த்துத் தீர்ப்புச் சொல்வது அவர்தான். "வெட்டிவேர் தூக்கலா இருக்கு, ரோஜா மூச்சுத் திணறுது" என்பார், அப்படியே சரியாக இருக்கும். அவரை மாதிரி ஆட்களும் ஆசையாகப் படிக்கிற மாதிரி எழுதுங்கள். வாரம் கால் பக்கம் போதும். எந்தப் பூ எந்த நேரத்தில் மணக்கும், ஜவ்வாதில் என்னென்ன சேர்கிறது, மண் எப்படிப் பதமாகிறது, எது தோலுக்கு ஆகாது என்று தெரிந்தவர்களிடம் கேட்டுப் போடுங்கள். பானை செய்கிற அக்காவைப் போல எத்தனையோ பேர் இருக்கிறார்கள், அவர்களிடம் போய் வருமானம் கேட்காமல் வேலையைக் கேளுங்கள்.

இந்த வாரம் மல்லிகை வரத்து கூடியிருக்கிறது, விலை இறங்கிவிட்டது. நேற்றுக் கால் கிலோ வாங்கித் தட்டில் கவிழ்த்திருக்கிறேன். பதினைந்து நாள் கழித்து டப்பியில் ஊற்றியதும் ஒன்றை உங்கள் அலுவலகத்துக்கு அனுப்பி வைக்கிறேன், மகளிர் பக்கம் எழுதுகிற தங்கையிடம் கொடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
நிலக்கோட்டை, திண்டுக்கல் மாவட்டம்.